மருந்து வாளியில் மொண்ட தண்ணீர் மீன் தொட்டிக்குப் போனால்

கேள்வி: பண்ருட்டி அருகே முந்திரி பயிரிட்டுள்ளேன். முந்திரியில் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்காக லாம்டா சைஹாலோத்ரின் என்ற பூச்சிமருந்து கலக்கிய வாளியை வீட்டில் ஒரு முறை மட்டும் அலசிவிட்டு, அதிலேயே தண்ணீர் மொண்டு கண்ணாடி மீன் தொட்டியில் (2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம்) ஊற்றிவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கப்பி மீன்கள் சுழன்று சுழன்று செத்தன. மூன்று தங்கமீன்கள் மட்டும் சாய்ந்தபடி மூச்சு வாங்குகின்றன. பாதித் தண்ணீரை மாற்றினேன். இது போதுமா? தொட்டியை மீண்டும் பயன்படுத்தலாமா?

பதில்: போதாது. ஏன் என்பதை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். உங்கள் தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். 5 சத மருந்தை லிட்டருக்கு 0.6 மி.லி. வீதம் கலந்திருந்தால், அந்தக் கரைசலின் ஒரு லிட்டரில் 30 மில்லிகிராம் நஞ்சு இருக்கும். அலசிய பிறகும் வாளியின் விளிம்பு மடிப்பிலும் அடியிலும் 10 மி.லி. அளவுக்குக் கரைசல் ஒட்டியிருந்தால், அதிலுள்ள 0.3 மில்லிகிராம் தொட்டி நீரில் பரவி லிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் (மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோகிராம்) தாண்டிவிடும். இம்மருந்தோ லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவிலேயே பல மீன் இனங்களைக் கொல்லக்கூடியது. பாதிப் பாதியாக மூன்று முறை நீரை மாற்றினாலும் 0.7 மைக்ரோகிராம் எஞ்சும் என்பதால், நீரை மாற்றுவதைவிட மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றுவதே சரியான வழி.

மருந்துப் பக்கமே போகாத ஓர் எவர்சில்வர் அண்டாவில் வேறு தண்ணீர் நிரப்பி, மூன்று மீன்களையும் வலையால் அலைக்கழிக்காமல் கிண்ணத்தால் மொண்டு அதில் விடுங்கள். போர் தண்ணீரில் பிராணவாயு குறைவாக இருக்கும் என்பதால், மீனை விடுவதற்கு முன்பே சிறிது நேரம் ஏர் பம்ப் ஓட வேண்டும். பழைய தொட்டியின் காற்றுக் குழாயையும் அதன் நுனியிலுள்ள காற்றுக் கல்லையும் கொண்டுபோய் அதில் போட்டுவிடாதீர்கள். குளிர்ந்த நீரில் இவ்வகை மருந்தின் கடுமை கூடும், ஆகவே அண்டாவை இரவில் திண்ணையில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள். இரண்டு நாள்களுக்கு இரை வேண்டாம். கல் உப்பு போட்டால் நஞ்சு முறியும் என்று சிலர் சொல்வார்கள்; முறியாது, இதற்கு மாற்று மருந்தும் கிடையாது. நரம்பைத் தாக்கும் நஞ்சு இது. மீனின் உடல் இதை மெதுவாகவே சிதைக்கும் என்பதால், நிமிர்ந்து நீந்தத் தொடங்கிய மீனுக்கும் சில நாள் கழித்தே நம்பிக்கை சொல்ல முடியும்.

தொட்டியைப் பொறுத்தவரை, இம்மருந்து நீரில் மிதந்துகொண்டிருப்பதைவிட வடிகட்டியின் ஸ்பான்ஞ்சிலும் மணலிலும் சிலிக்கான் பசையிலும் ஒட்டிக்கொள்ளவே பார்க்கும். ஸ்பான்ஞ், மணல், செடி, ரப்பர் குழாய் அனைத்தையும் கழித்துவிடுங்கள். விலை அதிகமில்லாத பொருள்கள்தான். கண்ணாடியைச் சலவைச் சோடா கரைத்த நீரால் கழுவி (சோப்புத்தூள் கூடாது, அதுவும் செவுளை அரிக்கும்) வெயிலில் காயவைத்து, ஒரு வாரம் தினமும் நீர் நிரப்பிக் கொட்டுங்கள். கடைசி நாள் நீரில் ஒரு குவளை எடுத்து, கொசுப்புழு பத்தைப் போட்டு மெல்லிய துணியால் வாய் கட்டி வையுங்கள். ஒரு நாளில் அவை செத்தால் தொட்டி இன்னும் ஆகாது. பிழைத்தாலும் முழுதாக நம்பிவிட வேண்டாம், ஏனெனில் மருந்துக்குப் பழகிய கொசுக்களும் உண்டு. முதலில் இரண்டு கப்பிகளை மட்டும் விட்டுப் பார்த்த பிறகே தங்கமீன்களைத் திருப்பி விடுங்கள். புதிய ஸ்பான்ஞ்சில் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்; அதுவரை இரையைக் குறைத்து, இரண்டு நாளுக்கு ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றி வாருங்கள்.

கழித்த நீரை மாட்டுத் தொட்டியிலோ, கிணற்றடியிலோ, கெடிலத்துக்கு ஓடும் வாய்க்காலிலோ கொட்டாமல், கிணற்றுக்கு எட்டத்தில் முந்திரி மரத்தடியில் குழி வெட்டி ஊற்றுங்கள். செத்த கப்பிகளைப் பூனை, கோழி கிளறாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள். மருந்து வாளிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, தெளிப்பானோடு சேர்த்துக் கொட்டகையிலேயே தொங்கவிடுங்கள்.