காஸ் தானாகத் தீராது
வீட்டு இயந்திரங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. திருகோணமலை உப்புவெளியில் கடற்கரைக்குக் கிட்ட எங்கள் வீடு. 12,000 பீடியூ குளிர்த்திறன் உள்ள ஏசி ஒன்று வாங்கி மூன்று வருடம். போன வருடம் காஸ் முடிந்துவிட்டது என்று சொல்லி நிரப்பினார்கள். இப்போது மறுபடியும் குளிர் இல்லை, மறுபடியும் காஸ் என்கிறார்கள். வருடாவருடம் நிரப்பத்தான் வேண்டுமா?
- வாசகி, உப்புவெளி

பதில்: இல்லை பிள்ளை. ஏசி காஸ், மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகும் சாமான் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே காஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கை அடைக்காமல் நிரப்பச் சம்மதிக்காதீர்கள்.

அதற்கு முன், காஸ்தான் குறையா என்று பாருங்கள். உள்பெட்டியின் மூடியைத் திறந்து பில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தூசி அடைத்திருந்தால் காற்று போகாது, காஸ் ஓடும் சுருள் குழாயில், அதாவது கொயிலில், ஐஸ் பிடிக்கும், குளிரும் குறையும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை குழாய்த் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்துப் போட்டால் இந்தத் தொல்லை வராது. பில்டர் சுத்தமாக இருந்தும் ஐஸ் பிடிக்கிறது, அல்லது அவுட்டோரில், அதாவது வெளிப்பெட்டியில், உள்ள மெல்லிய குழாயில் உறைபனி படிகிறது என்றால், காஸ் குறைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

வேலைக்கு வருபவரிடம், ஒழுக்கு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். காஸோடு சேர்ந்து, அதை அழுத்திச் சுற்றவைக்கும் கொம்பிரசரின் எண்ணெயும் கசியும். அதனால் ஒழுகும் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரியும். சவர்க்கார நுரை தடவினால் குமிழி வரும். அடைத்த பிறகு வாக்கும் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, காஸைத் தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். எந்த காஸ், எத்தனை கிராம் என்று அவுட்டோரில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கிறது. ஆர்22, ஆர்410ஏ, ஆர்32 மூன்றும் வேறு வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஏற்றக்கூடாது. ஆர்32 தீப்பிடிக்கக்கூடியது, ஆகவே அது குழாயில் இருக்கும்போது குழாயை ஒட்டும் பற்றவைப்பு (வெல்டிங்) வேலை செய்ய விடாதீர்கள்.

இனி உங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நான் பார்த்த பெரும்பாலான ஒழுக்குகளுக்குக் காரணம் கடல் உப்பு. அவுட்டோர் கொயிலில் செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. உப்பு ஈரம் நடுவே படிந்தால் அலுமினியம் அரிக்கும். முதலில் வெள்ளைத் தூள் தெரியும், அப்புறம் தகடு விரல் பட்டாலே உதிரும். மூட்டுகளும் பிடிமான ஆணிகளும் கூடவே கெடும்.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றுக் காலத்தில், நம் பக்கம் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறது, அப்போது தூசிதான் கூட. வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் கடலிலிருந்து கரைக்கு அடிக்கிறது, உப்புத் துமியை அள்ளிக்கொண்டு வருகிறது. அதுதான் மழையும் பெய்கிறதே, உப்பைக் கழுவிவிடாதா என்பார்கள். அவுட்டோர் கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே இருந்தால் மழை அதில் படாது, உப்புக் காற்று மட்டும் படும். மழைக் குளிரில் ஏசியையும் போடமாட்டோம். உப்பு மாதக்கணக்கில் அப்படியே கிடந்து அரிக்கும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான், ஏனென்றால் ஒரு வாளி நல்ல தண்ணீரால் தடுக்கக்கூடிய சேதம் இது.

கடற்கரை வீட்டில் இரண்டு கிழமைக்கு ஒரு முறை, வாடை முடிந்த கையோடு ஒரு தரம் நன்றாக, அவுட்டோர் கொயிலைக் கழுவுங்கள். முதலில் ஏசிக்கு மின்சாரம் தரும் பிரேக்கரை இறக்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீரை மெதுவான வேகத்தில் மேலிருந்து கீழாக ஓடவிடுங்கள். வாகனம் கழுவும் பிரஷர் மெஷின் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும். வயர் இணைப்பு இருக்கும் பக்கத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். உங்கள் கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம், உப்புக்கு மேல் உப்பு சேர்த்ததாகிவிடும். அவுட்டோரின் மூடியைத் திறந்து உள்ளே கை வைக்காதீர்கள். கரண்ட் நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

புது ஏசி பூட்டுகிறீர்கள் என்றால் அவுட்டோரைக் கடல் பார்க்காத சுவரில் வைக்கச் சொல்லுங்கள். கொயில் தகட்டுக்குப் பூச்சுப் பூசிய மொடலாகக் கேளுங்கள்.

கேள்வி: ஏசியிலிருந்து கட்டிலில் தண்ணீர் சொட்டுகிறது. மெஷின் பழுதா?
- வாசகர், லிங்கநகர்

பதில்: பெரும்பாலும் வடிகுழாய் அடைப்பு. நம்முடைய ஈரக் காற்றிலிருந்து ஏசி ஒரு நாளில் லீற்றர் கணக்கில் தண்ணீர் பிரிக்கிறது. அது வெளியே போகும் குழாயில் பாசி பிடிக்கும், குளவி மண் கூடு கட்டும். வெளிமுனையைச் சுத்தம் செய்து, தண்ணீர் தாராளமாக ஓடுகிறதா என்று பாருங்கள். சிலர் முனையை வாளித் தண்ணீருக்குள் மூழ்க வைத்திருப்பார்கள், அதுவும் வடிதலைத் தடுக்கும். குழாய் எங்கும் மேல்நோக்கி வளையக்கூடாது. அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது, பூஞ்செடிக்கு ஊற்றலாம்.

கேள்வி: கரண்ட் போய்ப் போய் வருகிறது. ஏசிக்குக் கெடுதலா?
- வாசகர், கிண்ணியா

பதில்: நின்றவுடன் திரும்பப் போட்டால் கொம்பிரசருக்குக் கெடுதல் தம்பி. ஆகக் குறைந்தது மூன்று நிமிடம் விடுங்கள். பல மெஷின்கள் தாங்களாகவே அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளும், கோளாறு என்று நினைக்க வேண்டாம். ஐப்பசியில் பின்னேர இடி முழங்கும்போது பிரேக்கரை இறக்கிவிடுங்கள், ரிமோட்டில் நிறுத்துவது போதாது.

கேள்வி: மழைக் காலத்தில் அலுமாரித் துணி எல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறது. ஏசியில் சூடு போடலாமா?
- வாசகி, ஓர்ஸ் ஹில்

பதில்: இங்கே விற்கிற ஏசிகளில் பல குளிர் மட்டும் தருபவை, சூடு வராது. ரிமோட்டில் தண்ணீர்த் துளி அடையாளம் உள்ள டிரை மோட் இருக்கும். அறைக் கதவைச் சாத்தி, அலுமாரியைத் திறந்துவைத்து, அதில் ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள், ஈரம் இறங்கும். வாடைக் காலத்தில் ஏசியை ஒரேயடியாக நிறுத்தி வைக்காமல் இருக்க அது ஒரு வழியும் கூட. போடுவதற்கு முன் பில்டரைக் கழுவுங்கள், இல்லையென்றால் பூஞ்சண வாசம் ஏசியிலிருந்தே வரும்.