அப்பா அந்தத் தாளில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: மகனின் இன்ஜினியரிங் படிப்புக்கு 2014இல் அரசு வங்கி ஒன்றில் மூன்றரை லட்சம் கல்விக் கடன் வாங்கினோம். அடமானம் எதுவும் இல்லை. கணவர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டார். 2018இல் படிப்பு முடிந்தது. ஐந்தாறு தவணை கட்டினான்; 2020 ஜனவரிக்குப் பிறகு முடியவில்லை. இப்போது 5.8 லட்சம் கேட்கிறார்கள். போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு இரண்டு பேர் வந்து, வீட்டை ஏலம் விடுவோம், மகனைப் போலீஸ் பிடிக்கும் என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டார்கள். ஒரு தாளை நீட்டிக் கணவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் இன்னும் போடவில்லை. என்ன செய்வது?
– விருதுநகர் மாவட்ட வாசகி

பதில்: அம்மா, கையெழுத்துப் போடாமல் இருந்தது நல்லதாயிற்று. அது பெரும்பாலும் கடன் ஒப்புதல் கடிதமாகத்தான் இருக்கும். 'இந்தத் தேதியில் இவ்வளவு பாக்கி என்று ஒப்புக்கொள்கிறேன்' என அச்சிட்டிருப்பார்கள். தொகை எழுதும் இடம் காலியாக இருந்த தாள்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கையெழுத்து ஏன் அவ்வளவு முக்கியம்? கடனுக்கு வழக்குப் போட வங்கிக்குப் பொதுவாக 3 ஆண்டுதான் அவகாசம். அதற்குள் நீங்கள் பணம் கட்டினாலோ, பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ 3 ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கும். அவகாசம் முடிந்த பிறகும், கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் ஒப்பந்தச் சட்டம் 25(3)இன்படி அது புது ஒப்பந்தம். உங்கள் கடைசித் தவணை 2020 ஜனவரி. கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் 15.3.2020 முதல் 28.2.2022 வரை கழித்துக் கொடுத்தது. அதையும் கழித்தால் 2025 தொடக்கத்தோடு அவகாசம் முடிந்திருக்கலாம். வங்கி ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் கதை வேறு. தவணைகள் எப்படி எழுதப்பட்டன, முழுக் கடனையும் எப்போது திருப்பிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறும். அதனால் கடன் ஒப்பந்த நகலை வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவகாசம் முடிந்தால் வழக்குப் போடும் வழிதான் அடைபடும், கடன் அழியாது. மகனின் சிபில் பதிவு, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டினாரா என்று வங்கிகள் பார்க்கும் பதிவு, கெட்டே கிடக்கும். நாளை வீட்டுக் கடன் கேட்டால் இதுதான் முன்னால் வந்து நிற்கும்.

வீட்டைப் பற்றிப் பயப்படாதீர்கள். அடமானம் வைக்காத வீட்டை வங்கி நேராக ஏலம் விட முடியாது. சிவில் வழக்குப் போட்டு, டிகிரி (நீதிமன்றத் தீர்ப்பாணை) வாங்கி, அப்புறம்தான் ஜப்தி. கடன் கட்டாதது குற்றமும் அல்ல, போலீசுக்கு இதில் வேலையில்லை. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ போன்கூடச் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே சொல்லிவிட்டது. நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவதும் கூடாது. வந்த தேதி, நேரம், பேசிய வார்த்தை எல்லாவற்றையும் எழுதிக் கிளை மேலாளரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

அடுத்து அந்த 5.8 லட்சம். முதல் நாளிலிருந்து கணக்கு அறிக்கை கேளுங்கள். அரசு வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, படித்த காலத்துக்கும், அதன் பின் தவணை தொடங்கும் வரை தரும் சலுகைக் காலத்துக்கும் (அதிகபட்சம் ஓராண்டு) தனி வட்டிதான், வட்டிக்கு வட்டி போடக் கூடாது. அன்று குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்திருந்தால், அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே மானியமாகத் தந்திருக்கும். தாசில்தார் வருமானச் சான்றைக் கொடுத்தீர்களா, வங்கி மானியம் கோரியதா என்று எழுத்தில் கேளுங்கள். பேரம் பேசும்போது இது பெரிய பிடி.

மகன் இப்போது சம்பாதிக்கிறார் என்றால், என் விருப்பம் லோக் அதாலத்தில் (சமரச மக்கள் நீதிமன்றம்) பேசி முடிப்பதுதான். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்பதாலேயே உங்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு, வருமானம் பார்க்க மாட்டார்கள். குறைத்துக் கட்டினால் சிபிலில் 'செட்டில்டு' (குறைத்து முடித்தது) என்றுதான் விழும், 'குளோஸ்டு' (முழுதும் கட்டி முடித்தது) என்று வராது. இதை மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பணம் கட்டிய கையோடு நிலுவையில்லாச் சான்றை வாங்காமல் வங்கியை விட்டு வெளியே வராதீர்கள்.