போர்ச்சுகல் போனால் ஹோட்டல் பஃபேயா, ஊர்ச் சாப்பாடா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போர்ச்சுகலின் தெற்குக் கரையான அல்கார்வுக்குக் கோடையில் வருகிறவர்கள் பலரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அறை, மூன்று வேளைச் சாப்பாடு, குடிவகை எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் கட்டும் ஆல் இன்க்ளூசிவ் நல்லதா, வெளியே சாப்பிடுவது நல்லதா? நான் ஃபாரோ பக்கம் குடியிருக்கிறேன். முன்பு ஒரு பெரிய ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தவள். இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் பதில் சொல்கிறேன்.

அக்கா, நாங்கள் கணவன் மனைவி இருவர், அல்புஃபெய்ராவில் ஒரு வாரம் தங்கப் போகிறோம். காசு கணக்கில் எது லாபம்?

முதலில் ஒரு கழித்தல் கணக்குப் போடுங்கள். அதே ஹோட்டலில் காலை உணவு மட்டும் சேர்த்த அறைக்கு என்ன விலை, ஆல் இன்க்ளூசிவுக்கு என்ன விலை என்று பாருங்கள். வித்தியாசத்தை நாளுக்கும் ஆளுக்கும் வகுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 யூரோவுக்குள் வந்தால், வெறும் காசை மட்டும் பார்த்தால் ஹோட்டல்தான் மலிவு. 40 யூரோவைத் தாண்டினால் வெளியே சாப்பிடுங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், கடற்கரையை விட்டு இரண்டு தெரு உள்ளே போனால் மதியத்தில் 'ப்ராத்து து தியா', அதாவது அன்றைய சாப்பாடு, 10 முதல் 14 யூரோவுக்குக் கிடைக்கும். பல கடைகளில் சூப், ரொட்டி, ஒரு பானம், கடைசியில் காபி எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். மதியம் இப்படி வயிறாரச் சாப்பிட்டால் இரவுக்கு லேசாக ஏதாவது போதும். வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுவதும் இதைத்தான். ஹோட்டல் நீச்சல் குளத்தங்கரையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் குடிக்கிற பழக்கம் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அப்போது ஹோட்டல்தான் ஜெயிக்கும்.

ஹோட்டலிலேயே வாரத்தில் ஒரு நாள் 'போர்ச்சுகீசிய இரவு' என்று போடுகிறார்களே. அது போதாதா?

போதாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் மனதில் இருப்பதே இதுதான்.

ஹோட்டல் சமையல்காரர்கள் கெட்டிக்காரர்கள். குறை அவர்களிடம் இல்லை. 400 பேருக்கு ஒரே நேரத்தில் சமைத்துச் சூடான தட்டில் அடுக்கிவைக்க வேண்டும் என்றால், அப்படிக் காத்திருக்கத் தாங்குகிற உணவைத்தான் சமைக்க முடியும். இந்த ஊர்ச் சமையலில் மிக நல்ல பண்டங்கள் எதுவும் காத்திருக்கத் தாங்காது.

சார்டின் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். கல் உப்பைத் தூவி, கரி நெருப்பில் முழுசாக வாட்டுவார்கள். தோல் மொறுமொறுப்பாக, உள்ளே எண்ணெய் சொட்டச் சொட்ட இருக்கும்போதே ரொட்டித் துண்டின் மேல் வைத்துச் சாப்பிட வேண்டும். பத்து நிமிடம் மூடிபோட்ட தட்டில் கிடந்தால் தோல் தொளதொளத்துவிடும், மீன் வாடை மட்டும் மிஞ்சும்.

அப்புறம் சோறு. ஐரோப்பாவிலேயே தலைக்கு அதிகமாக அரிசி சாப்பிடுகிறவர்கள் போர்ச்சுகீசியர்கள். கரோலினு என்ற அரிசியை மொந்தேகு, தேஜு, சாது ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் விளைவிக்கிறார்கள். கடல் உணவு போட்ட சோறு, ஆக்டோபஸ் சோறு, தக்காளிச் சோறு எல்லாவற்றையும் குழம்பாகத் தளதளவென்றுதான் இறக்குவார்கள். மேசைக்கு வந்த உடனே சாப்பிட வேண்டும். கொஞ்சம் பொறுத்தால் ஆறிய பொங்கல் மாதிரி இறுகிப்போகும். பஃபேயில் நீங்கள் பார்ப்பது அந்த இறுகிய சோற்றைத்தான்.

கட்டப்லானாவும் அப்படியே. சிப்பி போல மூடித் திறக்கும் செம்புப் பாத்திரம் அது. மட்டி, இறால், கெட்டிச் சதையுள்ள மீன், தக்காளி, வெங்காயம், பூண்டு எல்லாம் போட்டு இறுக்கி மூடி, தன் ஆவியிலேயே வேகவிடுவார்கள். உங்கள் மேசையில் வைத்துத்தான் திறப்பார்கள். அந்த முதல் ஆவியில் வரும் மணத்துக்காகவே ஒரு முறை சாப்பிட வேண்டும். பெரும்பாலும் இரண்டு பேருக்குத்தான் செய்வார்கள், அதனால் கணவன் மனைவியாக வருகிறவர்களுக்குப் பொருத்தமான சாப்பாடு.

நாங்கள் சுத்த சைவம். முட்டை, பால் சாப்பிடுவோம். வெளியே பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். காய்கறிச் சூப் ஏறக்குறைய எல்லாக் கடையிலும் இருக்கும். 'கால்து வெர்த்' என்ற பச்சைக் கீரைச் சூப்பில் மட்டும் கவனம். மேலே பன்றித் தொத்திறைச்சித் துண்டு போடுவார்கள், சில இடங்களில் சூப்போடு சேர்த்தே கொதிக்கவிடுவார்கள். மேலே இருப்பதை எடுத்துவிட்டால் சரி என்று நினைக்காதீர்கள்.

'பெய்ஷீனியுஷ் த ஓர்த்தா' கிடைத்தால் விடாதீர்கள். பச்சை பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரித்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஜப்பான் போன போர்ச்சுகீசியர்கள் கொண்டுபோன இந்தப் பொரிக்கும் முறையிலிருந்துதான் டெம்புரா வந்தது என்பார்கள். பக்கத்தில் தக்காளிச் சோறு கேளுங்கள், நல்ல ஜோடி. அலென்தேஜு பகுதியின் 'அசோர்தா' இன்னொன்று: பூண்டும் கொத்தமல்லித் தழையும் உப்பும் சேர்த்து இடித்து, ஆலிவ் எண்ணெய், வெந்நீர், பழைய ரொட்டி, மேலே ஒரு முட்டை. ஐரோப்பாவில் இவ்வளவு கொத்தமல்லி போடும் சமையல் வேறு இல்லை என்றே சொல்வேன். சில கடைகளில் மீன் வேகவைத்த நீரை ஊற்றுவார்கள், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். 'நவ் கோமு கார்ன், நெய்ம் பெய்ஷ்', இறைச்சியும் சாப்பிடுவதில்லை, மீனும் சாப்பிடுவதில்லை என்று முழுசாகச் சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால், ஒரு வாரம் முழுக்கச் சுத்த சைவமாகச் சாப்பிட பஃபேதான் சுலபம். காலை, இரவு ஹோட்டலில், மதியம் மட்டும் வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பன்றி சாப்பிட மாட்டோம். எதில் ஒளிந்திருக்கும்?

எதிர்பார்க்காத இடத்தில், அதாவது இனிப்பில். 'தொசீனு து செவு' என்ற பாதாம் இனிப்பிலும், பிராகா ஊரின் 'அபாத் து ப்ரீஷ்குஷ்' புட்டிங்கிலும் பன்றிக் கொழுப்பு சேர்வதுண்டு. பீன்ஸ் கறியிலும் பெரும்பாலும் தொத்திறைச்சி இருக்கும். மட்டியிலும் கட்டப்லானாவிலும் வெள்ளை வைன் ஊற்றுவார்கள், அதுவும் வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கரியில் சுட்ட மீனும் உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கும் உங்களுக்கு எந்தக் கடையிலும் துணை. ஹலால் இறைச்சி வேண்டுமென்றால் லிஸ்பனில் மார்த்திம் மொனீஷ் சுற்றுவட்டாரத்தில் தெற்காசியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கோவாச் சமையலும் லிஸ்பனில் கிடைக்கும்.

உட்கார்ந்ததுமே ரொட்டி, ஆலிவ், சீஸ் எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். இலவசம் என்று சாப்பிட்டோம், பில்லில் வந்துவிட்டது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. அதற்கு 'கூவேர்' என்று பெயர், எல்லாரும் வைக்கிற வழக்கம். ஆனால் நீங்கள் கேட்காமல் வந்து, நீங்கள் தொடவும் இல்லை என்றால் அதற்குக் காசு வாங்கக் கூடாது என்று இங்கே சட்டமே இருக்கிறது. விலையும் பட்டியலில் எழுதியிருக்க வேண்டும். வேண்டாமென்றால் சிரித்தபடி திருப்பிக் கொடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆலிவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பலாம். பில்லில் உண்மையாகவே தகராறு வந்தால் புகார்ப் புத்தகத்தைக் கேளுங்கள். எல்லாக் கடையிலும் அது கட்டாயம் இருக்க வேண்டும். பெரும்பாலும் கேட்ட உடனேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

மீனுக்கு 'கிலோ இவ்வளவு' என்று எழுதியிருக்கிறதே, பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், ஆனால் நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். கடலில் பிடித்த நல்ல மீன் கிலோ 50 யூரோவைத் தாண்டலாம், வளர்ப்பு மீன் நன்றாகவே குறைவு. முழு மீனாக எடுத்தால் ஆளுக்கு 400 கிராம் போதும். மீனைக் காட்டி, எடை போட்டு, இவ்வளவு ஆகும் என்று சொன்ன பிறகு அடுப்பில் வைக்கச் சொல்வது இங்கே சாதாரணம்.

மூன்று வயதிலும் ஆறு வயதிலும் பிள்ளைகள். வெளியே இழுத்துக்கொண்டு அலைய முடியாது அக்கா.

அப்படியென்றால் ஹோட்டலை எடுங்கள், அதில் தப்பே இல்லை. பிள்ளைக்குப் பசித்த நிமிடத்தில் சோறு இருப்பது பெரிய விஷயம். இரவு உணவு கடைகளில் ஏழரைக்குத்தான் சூடுபிடிக்கும், அதற்குள் மூன்று வயதுப் பிள்ளை தூங்கிவிடும். நான் சொல்வது காலை, இரவுச் சாப்பாடு மட்டும் சேர்ந்த 'ஹாஃப் போர்டு'. மதியம் வெளியே போனால் பிள்ளைகளுக்குக் கரியில் சுட்ட கோழி, சோறு, உருளைக்கிழங்குப் பொரியல். 'மெய்யா டோஸ்' என்று கேட்டால் பாதி அளவு தருவார்கள், அதுவே இரண்டு பிள்ளைகளுக்குத் தாராளம். அல்புஃபெய்ராவுக்குப் பக்கத்தில் கீயா என்ற ஊர் இந்தக் கோழிக்கே பேர்போனது. சின்னக் கோழியாகப் பார்த்து, பிளந்து விரித்துச் சுடுவார்கள். காரத்தைத் தனியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

காரமே இல்லையே அங்கே? ஊறுகாய் கொண்டுபோகலாமா?

கொண்டுவாருங்கள், ஆனால் முதல் இரண்டு நாள் திறக்காதீர்கள். மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களே போர்ச்சுகீசியர்கள்தான். இங்கே அவர்கள் அதைச் சமையலில் குறைவாகப் போட்டு, பிரி பிரி எண்ணெயாகத் தனியே வைத்துக்கொண்டார்கள். கேட்டால் புட்டியோடு கொடுப்பார்கள்.

ஏப்ரலில் வருகிறோம். சார்டின் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் உறையவைத்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் கொழுத்த சார்டின். லிஸ்பனில் ஜூன் 12 இரவு புனித அந்தோணியார் திருவிழாவுக்குத் தெருவெல்லாம் சார்டின் சுடுவார்கள். ஏப்ரலில் கணவாய் கேளுங்கள், அல்லது 'இன்றைக்கு என்ன மீன் வந்தது' என்று மட்டும் கேளுங்கள்.

பக்கல்யாவ் சாப்பிடாமல் வரக்கூடாது என்கிறார்கள். வெறும் கருவாடுதானே?

உப்பிட்டு உலர்த்திய காட் மீன். நார்வே, ஐஸ்லாந்து பக்கத்திலிருந்து வருகிறது. ஒரு நாள், இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுத்த பிறகுதான் சமைப்பார்கள். நம் கருவாட்டு வாடையை எதிர்பார்க்காதீர்கள். முதன்முதலில் சாப்பிடுகிறவர்களுக்கு 'ஆ ப்ராஷ்' சரியாக இருக்கும்: பிய்த்த மீன், குச்சி குச்சியாகப் பொரித்த உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை. இது பஃபேயிலும் சுமாராகவே இருக்கும், அதனால் வெளியேதான் சாப்பிட வேண்டும் என்று வற்புறுத்த மாட்டேன்.

மதேய்ரா தீவுக்குப் போகிறோம். அங்கேயும் இதே பதிலா?

அங்கே வெளியே சாப்பிடுவதற்கு இன்னும் வலுவான காரணம் இருக்கிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்த்துக் கல்லில் சுடும் 'போலு து காக்கு' ரொட்டியைப் பூண்டு வெண்ணெயோடு சூடாகச் சாப்பிட்டுப் பாருங்கள். வாழைப்பழத்தோடு வரும் கறுப்பு வாள்மீன், இரும்புச் சட்டியில் பொரிபொரியென்று வரும் லாப்பாஷ் சிப்பி இரண்டையும் விடாதீர்கள்.

நான் ஆல் இன்க்ளூசிவ் கட்டிவிட்டேன், பணம் திரும்ப வராது. இப்போது என்ன செய்வது?

கட்டிய காசை மறந்துவிட்டு இரண்டு மதியங்களை மட்டும் வெளியே எடுத்துவையுங்கள். அல்புஃபெய்ரா ரயில் நிலையம் ஊரிலிருந்து தள்ளி ஃபெர்ரெய்ராஷில் இருக்கிறது, டாக்ஸியோ பஸ்ஸோ பிடித்துப் போய், அங்கிருந்து கிழக்கே ஒல்யாவுக்கு ரயிலில் வாருங்கள். நேரத்தைப் பொறுத்து ஃபாரோவில் மாற வேண்டியிருக்கும். அங்கே சந்தை தண்ணீர்க் கரையில் இரண்டு சிவப்புச் செங்கல் கட்டடங்களில் இருக்கிறது, ஒன்றில் மீன், மற்றதில் காய் கனி. சனிக்கிழமை காலை வந்தால் வெளியே விவசாயிகளின் சந்தையும் இருக்கும். ஞாயிறு மூடியிருக்கும், திங்கள் மீன் குறைவு. சந்தையைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் மட்டி கேளுங்கள். எதிரே தெரியும் ரியா ஃபொர்மோசா காயலில் வளர்ந்தது, பூண்டும் கொத்தமல்லியும் போட்டுத் தருவார்கள். இரண்டாவது மதியம் தவீரா பக்கத்தில் சாந்தா லுசியா என்ற மீனவக் கிராமம், அங்கே ஆக்டோபஸ்.

ஹோட்டலில் இருக்கும் நாட்களில் கண்முன்னே சுட்டுக் கொடுக்கும் அடுப்பின் பக்கமே நில்லுங்கள். கோடை முடிவில் வந்தால் அத்திப்பழம் எடுங்கள், குளிர்காலத்தில் சில்வெஷ் ஊர் ஆரஞ்சு.

டிப்ஸ் எவ்வளவு? கார்டு எடுப்பார்களா?

டிப்ஸ் கட்டாயமில்லை, வரியும் விலையிலேயே அடக்கம். நன்றாக இருந்தால் 5 முதல் 10 சதவீதம், மதியச் சாப்பாட்டுக்குச் சில்லறையை விட்டுவந்தாலே போதும். சின்னக் கடைகள் சிலவற்றில் வெளிநாட்டு கார்டு ஓடாது. 40, 50 யூரோ ரொக்கம் கையில் இருக்கட்டும்.