முடிவெடுக்கும் மேசையில் செவிலியருக்கு இடம் உண்டா?

கேள்வி: தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த என் தந்தைக்குச் சுவாசக் கருவியைத் தொடர்வதா என்று மருத்துவர்கள் எங்களைக் கேட்டார்கள். இரவெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியரை யாரும் கேட்கவில்லை. சட்டம் என்ன சொல்கிறது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது பற்றி 2018-இல் உச்ச நீதிமன்றம் வகுத்து, 2023 ஜனவரியில் எளிமைப்படுத்திய நெறிமுறைகளின்படி, சிகிச்சை தரும் மருத்துவரும் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு வல்லுநர்களும் முதல் குழுவாகவும், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவரை உள்ளடக்கிய மற்றொன்று இரண்டாம் குழுவாகவும் அமைகின்றன. குடும்பத்தின் சம்மதமும் வேண்டும். செவிலியருக்கென்று தனி இடம் இல்லை. இது பெருங்குறை என்றே கருதுகிறேன்.

இத்தனைக்கும், இந்தச் சட்டம் பிறக்கக் காரணமான அருணா ஷான்பாக் ஒரு செவிலியர். 1973-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தாக்கப்பட்டு நினைவிழந்த அவரை, 2015 மே மாதம் நிமோனியாவால் இறக்கும்வரை, நாற்பத்தோரு ஆண்டுகளுக்கும் மேலாக அங்குள்ள செவிலியர்களே தலைமுறை தலைமுறையாகக் குளிப்பாட்டி, மசித்த உணவை ஊட்டி, படுக்கைப்புண் வராமல் காத்தார்கள். அவருக்கு வழங்கும் உணவை நிறுத்தக் கோரிய மனுவை 2011-இல் தள்ளுபடி செய்த நீதிமன்றம், அவர் சார்பில் பேசும் உரிமை மனுதாரருக்கல்ல, அந்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது. உடனிருந்து பார்த்தவரின் சொல்லுக்கு அன்று கிடைத்த அந்த மதிப்பு, பின்னர் வந்த குழுக்களின் அமைப்பில் இடம்பெறவில்லை.

ஆயினும் தாங்கள் கேட்பதற்குத் தடையேதும் இல்லை. புரட்டிப் படுக்க வைக்கும்போது முகம் சுளிக்கிறாரா, சளி உறிஞ்சும்போது கையைத் தட்டிவிடுகிறாரா என்பதை அறிந்தவர் செவிலியர்தான். குடும்பத்தினருடன் மருத்துவர் பேசும்போது அவரையும் உடன் அமர்த்துமாறு தயங்காமல் கேளுங்கள்.