பெருசா ஆடுனா நெறைய சாவா?

கேள்வி: உலகத்துலயே பெரிய பூகம்பம் எது சார்? அதுல தான் அதிகம் பேர் செத்தாங்களா?

பதில்: அதான் இல்லைங்க. கருவி வச்சு அளந்து பதிவானதுல பெருசு 1960 மே 22 சிலி நாட்டுல வால்டிவியா பக்கம் வந்தது, 9.5. முந்தின நாளே ஒரு பெரிய ஆட்டம், அன்னைக்கும் மெயின் ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ஒண்ணு, பயந்து போய் ஜனம் ஏற்கனவே தெருவுல நின்னுட்டு இருந்துச்சு, அதுவே நெறைய பேரைக் காப்பாத்திடுச்சு. செத்தவங்க சில ஆயிரம் தான். அதுல கிளம்புன சுனாமி பசிபிக்கைத் தாண்டிப் போய் ஹவாய்ல ஹிலோ ஊர்ல 61 பேர், ஜப்பான்ல 140 பேர் வரைக்கும் அடிச்சிட்டுப் போச்சு.

அதிகம் பேரைக் கொன்னதுன்னா 1556 ஜனவரில சீனாவுல ஷான்ஷில வந்தது. 8 இருக்கலாம்னு கணிக்கிறாங்க (அப்ப ஏது கருவி), ஆனா சாவு 8 லட்சத்து 30 ஆயிரம்னு பழைய பதிவு சொல்லுது. காரணம் அந்த ஊர் வீடு. காத்துல அடிச்சு வந்து குவிஞ்ச மெத்து மண் மேட்டைக் குடைஞ்சு குகை மாதிரி வீடு கட்டி அதுக்குள்ள தான் ஜனம் இருந்துச்சு, ஆட்டத்துல மேடே சரிஞ்சு உள்ள இருந்தவங்களை அப்படியே மூடிடுச்சு. ரெண்டு லிஸ்ட்லயும் முன்வரிசையில இருக்கறது 2004 சுமத்ரா தான், 9.1, ரெண்டேகால் லட்சம் பேருக்கு மேல, அதுலயும் கிட்டத்தட்ட எல்லாரையும் சுனாமி தான் எடுத்துட்டுப் போச்சு.

கேள்வி: 2010ல ஹெய்ட்டில 7.0, அடுத்த மாசமே சிலில 8.8. சின்னதுல ஏன் அவ்வளவு சாவு? வெறும் 1.8 தானே வித்தியாசம்?

பதில்: அந்த "வெறும்"ல தான் கோளாறு. ஒரு நம்பர் ஏறுனா எனர்ஜி சுமார் 32 மடங்கு ஏறும், 1.8ன்னா 500 மடங்கு. அப்படிப் பாத்தா சிலி அழிஞ்சே போயிருக்கணும், ஆனா அங்க செத்தது 500 சொச்சம், ஹெய்ட்டில ஒரு லட்சத்துல இருந்து மூணு லட்சம் வரைக்கும் ஆளாளுக்கு ஒரு கணக்கு. ஹெய்ட்டில தலைநகர்ல இருந்து 25 கிலோமீட்டர்ல, 13 கிலோமீட்டர் ஆழத்துல தான் ஒடைஞ்சுச்சு, மேல இருந்ததோ கம்பி சரியா போடாத கான்கிரீட் தளம், ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்திடுச்சு. சிலிக்காரன் ஏற்கனவே பட்டவன், கட்டட விதியை கடுமையா வச்சிருந்தான்.

கேள்வி: கட்டடம் விழுந்து தானே சாவாங்க?

பதில்: எப்பவும் இல்ல. 1923 செப்டம்பர் 1, டோக்கியோ பக்கம், மணி 11:58. மத்தியான சமையல் நேரம், வீட்டுக்கு வீடு அடுப்பு எரியுது, எல்லாம் மரவீடு, காத்தும் பலமா வீசுது. மொத்தம் 1 லட்சத்து 5 ஆயிரம் பேர், பெரும்பாலும் தீயில. வீட்டுல இருந்து பாய் படுக்கைய தூக்கிட்டு ஒரு பெரிய காலி மைதானத்துல போய் ஒதுங்குனாங்க பாவம், நெருப்புச் சுழல் அங்கயே வந்து 38 ஆயிரம் பேர் போயிட்டாங்க. அதைப் படிச்ச நாள்ல இருந்து "வெட்டவெளிக்கு ஓடுங்க"ன்னு சும்மா சொல்ல எனக்கு வாய் வர்றதில்ல.

கேள்வி: முன்னாடியே சொல்ல முடியாதா?

பதில்: ஒரு தடவை சொன்னாங்க. 1975 பிப்ரவரி, சீனாவுல ஹைசெங். குட்டி குட்டி ஆட்டம் வரிசையா வர, ஜனத்தை வெளியேத்துனாங்க, நெறைய உயிர் தப்பிச்சுது. ஆஹா கண்டுபிடிச்சாச்சுன்னு இருந்தப்ப, அடுத்த வருஷம் ஜூலை 28, விடிகாலை 3:42க்கு அதே சீனாவுல டாங்ஷான் ஊர் ஆடுச்சு. அப்படி எந்த முன் ஆட்டமும் இல்ல, ஊரே தூங்குது, அரசாங்கக் கணக்குலயே 2 லட்சத்து 42 ஆயிரம் பேர். இன்னைய வரைக்கும் தேதி சொல்ற வித்தை யார்கிட்டயும் கிடையாது, வாட்ஸ்அப்ல வர்றதை நம்பாதீங்க.

கேள்வி: 10 ரிக்டர்ல வருமா?

பதில்: ரிக்டர்னு வாயில வந்துடுது, பெருசுக்கெல்லாம் இப்ப வேற அளவு முறை தான். 9.5க்கே கிட்டத்தட்ட 1000 கிலோமீட்டர் நீளம் பிளவு ஒடைஞ்சுச்சு. 10க்கு அதை விட ரொம்ப நீளமா ஒரே மூச்சுல ஒடையணும், அவ்வளவு நீளப் பிளவு எதுவும் இதுவரை தெரியல.