கைதட்டல் வருகிறது, கட்டணம் வரவில்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மூன்று வருடமாக மேடையேறுகிறேன். தன்னம்பிக்கை, நேர மேலாண்மை, தலைமைப் பண்பு என எந்தத் தலைப்பு கொடுத்தாலும் பேசுவேன். அரங்கம் கைதட்டுகிறது. கட்டணம் என்றதும் பேச்சு நின்றுவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

'எந்தத் தலைப்பு கொடுத்தாலும்' என்பதில்தான். கைதட்டுபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர். பணம் கொடுப்பவர் ஒரு விற்பனைப் பிரிவின் தலைவராகவோ, சங்கத்தின் மாநாட்டுச் செயலாளராகவோ, மனிதவளத் துறை மேலாளராகவோ இருப்பார். அவர் கையில் கொஞ்சம் நிதி, தலையில் ஒரு தொல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆறே மாதத்தில் விலகுகிறார்கள், அல்லது இரண்டு பிரிவுகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பொதுவாகத் 'தன்னம்பிக்கை' என்றால் அவருக்குச் செலவாகத் தெரியும். அந்தத் தொல்லைக்கு மருந்து என்றால் ஒதுக்கீட்டைத் தேடி எடுப்பார்.

ஒரே வாக்கியம் எழுதுங்கள்: யாருக்கு, எந்தச் சிக்கலில், கேட்டபின் அவர்களால் என்ன செய்ய முடியும். 'முதன்முறையாகக் குழுத்தலைவர் ஆனவர்கள், தவறு செய்த ஊழியரிடம் உறவு கெடாமல் அதைச் சொல்லக் கற்றுக்கொள்வார்கள்' என்பதுபோல. இதை, கூப்பிடக்கூடிய பத்துப் பேரிடம் சொல்லிப் பாருங்கள். 'நல்லா இருக்கு' என்று நகர்ந்தால் வாக்கியம் இன்னும் தயாராகவில்லை. 'எங்க ஆளுங்களுக்கே இது தேவைப்படுதே' என்றால் தயார்.

அதன்பிறகு மேடைக்கு மேடை புதுப் பேச்சு வேண்டாம். ஒரே பேச்சின் எலும்புக்கூட்டை முப்பது, நாற்பது முறை பேசித் தீட்டுங்கள். மாற வேண்டியது உதாரணங்கள் மட்டும். அவற்றுக்காக ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால், கேட்க வரப்போகிறவர்களில் மூன்று பேரிடம் தலா 15 நிமிடம் தொலைபேசியில் பேசுங்கள். 'போன வாரம் வேலையில் எது உங்களை அதிகம் படுத்தியது?' என்று கேட்டு, அவர்கள் சொல்லும் வார்த்தைகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அதே வார்த்தை மேடையிலிருந்து வரும்போது அரங்கம் நிமிர்ந்து உட்காரும். பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: எவ்வளவு கேட்பது என்றே தெரியவில்லை. 'உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைக்குமே' என்று இலவசமாக அழைக்கிறார்கள். போகலாமா?

முதலில் அடிக்கட்டணம். 45 நிமிடப் பேச்சு உங்கள் நாட்காட்டியில் 45 நிமிடம் அல்ல. தொலைபேசி விசாரிப்புக்கு அரை நாள், உதாரணங்களை மாற்றி ஒத்திகை பார்க்க ஒரு நாள், பயணத்துக்கு ஒரு நாள், பேசும் நாள் ஒன்று. ஆக மூன்றரை நாள். உங்கள் ஒரு நாள் வருமானத்தை அதனால் பெருக்குங்கள். அதற்குக் கீழே போனால் கைக்காசு போட்டுப் பேசுகிறீர்கள் என்று பொருள். பயணமும் தங்குமிடமும் தனிக் கணக்கு.

தொகையைச் சொல்லும் முன், எத்தனை பேர், எந்தப் பொறுப்பில் இருப்பவர்கள், எதற்காகக் கூடுகிறார்கள் என்று கேளுங்கள். பிறகு தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எதிர்முனையில் விழும் நாலு விநாடி மௌனத்தைத் தாங்க முடியாமல் 'குறைச்சுக்கலாம்' என்று தாமே முந்திக்கொள்பவர்கள்தான் அதிகம். பேரம் வந்தால், தொகை குறையும்போது வேலையும் குறையட்டும். மதியப் பயிற்சி வகுப்பு வேண்டாம், அல்லது பேச்சைப் பதிவு செய்யும் உரிமை கிடையாது. வெறுமனே குறைத்தால், அந்தக் குறைந்த தொகைதான் அடுத்த ஏற்பாட்டாளர் காதுக்குப் போய்ச் சேரும். பேச்சாளர்களை ஏற்பாடு செய்துதரும் முகமைகள் வழியாக அழைப்பு வந்தால் கட்டணத்தில் 20 முதல் 30 சதவீதம் அவர்களுக்குப் போவது வழக்கம். அதற்காக முகமைக்கு ஒரு விலை, நேரே வருபவர்களுக்குக் குறைந்த விலை என்று வைக்காதீர்கள். தெரியவரும்போது இரு பக்கமும் நம்பிக்கை போய்விடும்.

இலவசம் ஆரம்பத்தில் தவறில்லை. ஆனால் பத்து மேடை என்று முன்கூட்டியே எல்லை போடுங்கள். கட்டணம் தரக்கூடிய நாலைந்து பேராவது அரங்கில் இருக்கும் இடத்துக்கு மட்டும் போங்கள். பதிலுக்கு, வெட்டாத முழு வீடியோ, ஒரு வாரத்துக்குள் கையெழுத்திட்ட பாராட்டுக் கடிதம், பெயர் சொல்லி இரண்டு அறிமுகங்கள் என மூன்றையும் முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். இன்வாய்ஸும் அனுப்புங்கள். முழுக் கட்டணம் ஒரு வரியில், அதே தொகைக்குத் தள்ளுபடி அடுத்த வரியில், செலுத்த வேண்டியது பூஜ்யம். உங்கள் பேச்சுக்கு விலை உண்டு என்பது அந்தக் கோப்பில் பதிவாகிவிடும்.

கேள்வி: நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ரத்து என்று செய்தி வந்தது. அந்தத் தேதிக்காக வேறொரு அழைப்பை மறுத்திருந்தேன். வாய்ப்பேச்சாக ஒத்துக்கொண்டதால் எதுவும் கேட்க முடியவில்லை.

உங்கள் இழப்பு வருத்தத்துக்குரியது. நீங்கள் விற்பது தேதியையும் சேர்த்துத்தான், போன தேதி திரும்பாது. அடுத்த முறை இரண்டு பக்க ஒப்பந்தம் போதும். 50 சதவீத முன்பணம் வந்த பிறகே தேதி உறுதி. மீதி, நிகழ்ச்சி நாளன்று அல்லது அதற்கு முன். ரத்தானால் 60 நாளுக்கு முன் என்றால் முன்பணம் திரும்பும், 30 முதல் 60 நாள் என்றால் முன்பணம் உங்களுக்கு, 30 நாளுக்குள் என்றால் முழுத் தொகை. இந்த நாட்களை உங்கள் சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஒத்திவைப்பு 12 மாதத்துக்குள் ஒருமுறை. வீடியோவை எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்பதும் இருக்கட்டும். உங்களுக்கு உடல்நலம் கெட்டால் மாற்றுப் பேச்சாளரைத் தேடித்தருவது உங்கள் பொறுப்பு என்ற வரியை நீங்களே முன்வந்து எழுதுங்கள். ஏற்பாட்டாளரை வாட்டும் பெரிய பயம் அதுதான்.

கேள்வி: 45 நிமிடம் என்று அழைத்தார்கள். முன்னால் பேசியவர்கள் இழுத்ததில் 20 நிமிடமே மிஞ்சியது. ஸ்லைடுகளை ஓட்டி, வேகமாகப் பேசி முடித்தேன். மைக் வேறு கரகரத்தது. எப்படிச் சமாளிப்பது?

வேகமாகப் பேசியதுதான் பிழை. இது மேடையில் தீர்க்கிற விஷயமல்ல, வீட்டில் தயாரிக்கும்போதே தீர்க்க வேண்டியது. பேச்சைப் பெட்டிகளாகக் கட்டுங்கள். தொடக்கம் 5 நிமிடம், நடுவில் தனித்தனியே நிற்கக்கூடிய மூன்று பகுதிகள் தலா 11, முடிவு 5. மொத்தம் 43, இரண்டு நிமிடம் கையிருப்பு. 20 நிமிடம்தான் என்றால் தொடக்கத்தை நாலாக்கி, ஒரே ஒரு பகுதி, பிறகு முழு முடிவு. எதை விட்டீர்கள் என்று அரங்கத்துக்குத் தெரியாது, நீங்களும் 'நேரமில்லை' என்று சொல்லிக்காட்ட வேண்டாம். பின்தங்கிய நிகழ்ச்சியை நேரத்துக்குள் மீட்டுக்கொடுத்தவரை ஏற்பாட்டாளர் மறக்கமாட்டார். கேள்வி நேரம் உண்டென்றால் முடிவுரைக்கு முன்பே வைத்துவிடுங்கள். கடைசிக் கேள்வி சொதப்பினாலும் கடைசி வார்த்தை உங்களுடையதாக இருக்கும்.

கரகரப்புக்குப் பல நேரம் காரணம் நம் உடம்பிலேயே இருக்கும். காலர் மைக் மோவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில் இருக்க வேண்டும். ஓரத்தில் மாட்டினால் மறுபக்கம் திரும்பும்போது குரல் அமுங்கும். கழுத்துச் சங்கிலியும் அடையாள அட்டையும் அதில் உரசித்தான் கரகரக்கும், கழற்றிவிடுங்கள். கைமைக்கை வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் தூரத்தில் பிடியுங்கள். அதன் வலைத்தலையைப் பொத்திப் பிடிக்கக் கூடாது. பொத்தினால் எல்லாப் பக்கத்து ஒலியும் உள்ளே புகுந்து வீலென்று கத்தும். ஒலிப்பெருக்கிக்கு முன்னால் நடந்தாலும் அதே கதிதான்.

ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், ஆடியோ பார்ப்பவரிடம் பெயர் கேட்டுப் பழகி, 'ஹலோ ஹலோ' என்று தட்டிப் பார்க்காமல் பேச்சின் முதல் நாலு வரியை உண்மையான குரலில் பேசிப் பாருங்கள். பேட்டரி புதிதா என்று கேளுங்கள். நூறு வார்த்தை அறிமுகவுரையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தொகுப்பாளர் கையிலேயே கொடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பியது அவரிடம் போய்ச் சேர்ந்திருக்காது.

கேள்வி: டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் சேர்ந்தால் போதுமா?

மேடைப்பேச்சு பழகுவதற்காக 1924-இல் தொடங்கிய அமைப்பு அது. பயத்தைப் போக்கவும், 'வந்து... வந்து...' என்ற இழுப்பை உதறவும், நேரக் கட்டுப்பாட்டுக்கும் அதற்கு ஈடான மலிவான பயிற்சி அரிது. கட்டாயம் சேருங்கள். ஆனால் அங்கே பழகும் பேச்சு பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடம். 45 நிமிடம் கவனத்தைப் பிடித்து வைப்பதும் கட்டணம் பேசுவதும் வேறு கலை. அதற்குத் தொழில்முறைப் பேச்சாளர் சங்கங்களைத் தேடுங்கள். அமெரிக்காவின் நேஷனல் ஸ்பீக்கர்ஸ் அசோசியேஷன் 1973-இல் தொடங்கியது, வேறு பல நாடுகளிலும் இத்தகைய சங்கங்கள் உண்டு.

கேள்வி: ஒருமுறை அழைத்தவர்கள் மறுபடி அழைப்பதில்லை. நன்றிக் கடிதம் அனுப்புகிறேனே?

நன்றி மட்டும் போதாது. அரங்கில் எழுந்த கேள்விகளைத் தொகுத்து, அவற்றுக்குச் சுருக்கமான பதிலோடு இரண்டு நாளுக்குள் அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்து அழைத்து, சொன்னதில் எதைச் செய்து பார்த்தார்கள் என்று விசாரியுங்கள். 'உங்களைப்போல் வேறு கிளையிலோ சங்கத்திலோ இதே பொறுப்பில் இருப்பவர் யார்?' என்று அவர்களிடம் கேட்க அதுதான் தருணம். பெரிய மாநாடுகளுக்குப் பேச்சாளரை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் முன்பே முடிவு செய்துவிடுவார்கள். போன மாதம் நடந்த மாநாட்டின் செயலாளருக்கு இந்த வாரமே எழுதுங்கள்.