வேனில் ஒரு ஸ்டூல்

கேள்வி: பொங்கல் விடுமுறைக்கு என் வீட்டுக்காரரின் அண்ணன் தம்பிகள் குடும்பத்தோடு சென்னை, கோவை, சிங்கப்பூரிலிருந்து பள்ளத்தூர் வீட்டுக்கு வருகிறார்கள். ஐந்து நாள் வேனில் சுற்றத் திட்டம். தொண்டி, தேவிபட்டினம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி, அங்கிருந்து ஒரு கொழுந்தனார் ஆசைக்குக் கம்பம் திராட்சைத் தோட்டம், திரும்பும்போது பிள்ளைகளுக்காக வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். பெரியவர்கள் 11 (ஐந்து ஜோடி, கல்யாணமாகாத தம்பி ஒருவர்), பிள்ளைகள் 6. வேனில் 17 சீட், சரியாக இருக்கிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, கணவரை இழந்து இந்த வீட்டிலேயே இருக்கும் சின்னாத்தாவும் (என் வீட்டுக்காரரின் சித்தி) வருகிறார். வாசல் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளலாம். அவருக்கும் ஒரு மாறுதலாக இருக்கும். பிரச்சினை செலவில்தான். பிள்ளையில்லாத கொழுந்தனார் தலைக்கு இவ்வளவு என்கிறார், மூன்று பிள்ளைக்காரர் குடும்பத்துக்கு இவ்வளவு என்கிறார். ஓரகத்திக்குக் கடல் பார்த்த ரூம் வேண்டுமாம். மனத்தாங்கல் இல்லாமல் எப்படிப் பிரிப்பது?
— ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆத்தா, முதலில் அந்தச் செலவு வழக்கை முடித்துவிடுகிறேன். அதில் ஒன்றுமில்லை. வேன் வாடகை, டீசல் இரண்டையும் புள்ளிக்கு, அதாவது ஒரு ஜோடிக்கு, இவ்வளவு என்று ஐந்தாகப் போடு. சாப்பாடு தலைக்கணக்கு, பிள்ளைகளுக்குப் பாதி. கடல் பார்த்த ரூம் கேட்பவர் கூடுதல் வாடகையைத் தானே கொடுக்கட்டும். கல்யாணமாகாத தம்பி இன்னும் புள்ளியாகவில்லை, டிரைவர் பேட்டா அவன் பொறுப்பு. இதற்கும் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும். பொங்கலுக்குக் கூடுகிற எந்த வீட்டில் நடக்காத சண்டை?

இப்போது ஸ்டூலுக்கு வருகிறேன்.

17 சீட், 17 பேர், சரியாக இருக்கிறது என்று நீயே எழுதுகிறாய். அடுத்த வரியிலேயே ஒரு மனுஷி வேனில் ஏறுகிறார். கணக்கு அப்போதும் உனக்குச் சரியாகத்தான் இருக்கிறது. எப்படி ஆத்தா? நகரத்தார் கோவில் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் மற்றவர் அரைப்புள்ளி. அந்த அரையே எனக்குப் பிடிக்காத கணக்கு, அதை இன்னொரு நாள் பேசுவோம். நீ அந்த அரையைக்கூடக் கொடுக்கவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொடுத்திருக்கிறாய்.

அந்த ஸ்டூலில் எவ்வளவு தூரம் என்று பார்த்தாயா? ராமேஸ்வரத்திலிருந்து மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டிக் கம்பம் போய்ச் சேர 300 கிலோமீட்டரை நெருங்கும். ஒரு பகல் முழுக்க வேனிலேயே போய்விடும். சாய முதுகில்லை, பிடிக்கக் கம்பியில்லை, மடியில் யாராவது ஒரு பிள்ளை. கணவாய் வளைவில் டிரைவர் ஒரு பிரேக் போட்டால் முதலில் கதவில் போய் மோதுவது யார்? உன் ஆறு வயது மகனை அந்த ஸ்டூலில் உட்கார வைப்பாயா?

'மாறுதலாக இருக்கும்' என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. பள்ளத்தூரில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறவர் தனுஷ்கோடியில் ஊட்டப் போகிறார். இதிலே எது மாறுகிறது? காற்றில் கொஞ்சம் மணல் கூடும், அவ்வளவுதான்.

உன் கடிதத்தில் எல்லாருக்கும் ஓர் ஆசை இருக்கிறது. ஓரகத்திக்குக் கடல், கொழுந்தனாருக்குத் திராட்சைத் தோட்டம், பிள்ளைகளுக்குப் பறவை. சின்னாத்தாவுக்கு என்ன ஆசை என்று ஒரு வரி இல்லை. நீங்கள் கேட்கவில்லை என்பது இங்கிருந்தே தெரிகிறது. வருஷம் முழுக்க அந்த வீட்டில் இருப்பவர் யார்? முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை கூட்டிப் பெருக்கி, வளவில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, மழை பெய்தால் எந்த ஓடு ஒழுகுகிறது என்று அண்ணாந்து பார்ப்பவர் யார்? நீங்கள் எல்லாரும் வந்து சேர ஒரு வீடு இன்னும் திறந்திருக்கிறது என்றால் அது அவர் இடுப்புச் சாவியால்தான். பெற்ற பிள்ளை இல்லாத பெரியவளுக்கு அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாருமே கடன்பட்டவர்கள். என் மனசில் இது விவாதத்துக்குரிய விஷயமே இல்லை. நீ மருமகளாக வந்தவள்தானே என்று தப்பிக்கவும் வழியில்லை. லிஸ்டை எழுதியது நீ.

நான் யோக்கியம் என்று இதை எழுதவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் தேவிபட்டினத்துக்குக் கூட்டமாகப் போனோம். கடலுக்குள் நிற்கும் நவகிரகக் கற்களைச் சுற்ற எல்லாரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினோம். பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, என் அயித்தையைக் கரையில் உட்கார வைத்தது நான்தான். அவரும் சரியென்று உட்கார்ந்தார். ஈரத்தோடு ஓடி வந்ததும் அயித்தை கேட்டது ஒன்றே ஒன்று: "ஒம்பது கல்லும் தெரிஞ்சுச்சா?" நான் தலையை ஆட்டிவிட்டு என் பையைத் தேடினேன். அதற்கப்புறம் அந்த அம்மா தேவிபட்டினம் போகவேயில்லை. அழைத்துப் போகிற வசதி எனக்கு வந்தபோது அவர் இல்லை.

அதனால் சொல்கிறேன், இன்றைக்கே வேன்காரருக்கு போன் போட்டு ஒரு சீட்டாவது கூடுதலாக உள்ள வண்டி கேள். வாடகை கூடினால் ஐந்து புள்ளியும் பகிர்ந்து கொள்ளுங்கள், சின்னாத்தா ஒரு பைசா தரக்கூடாது. வண்டி கிடைக்கவில்லை என்றால் ஒருவர் பஸ்ஸில் வரட்டும். கல்யாணமாகாத தம்பி இருக்கிறானே, கால் நன்றாக இருக்கிறது.

அவருக்கு இடப்பக்க ஜன்னல் கொடு. தொண்டியிலிருந்து தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம்தான் தலைகாட்டும். தேவிபட்டினத்தில் இப்போது கற்களைச் சுற்றி வர நடைபாதை இருக்கிறது, இறங்கி நனைய வேண்டாம். அவரைக் கூட்டிக்கொண்டு சுற்றி வந்த பிறகு மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலில் போன ஊரின் சர்ச் சுவர் நிற்கிறது, அதைத் தாண்டி அரிச்சல்முனை வரை இப்போது நல்ல ரோடு. தை மாதம், யோகம் இருந்தால் பூநாரைக் கூட்டமும் கண்ணில் படும். அவற்றுக்காகவே 2025-இல் அங்கே ஒரு சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். அங்கே நிற்கும் நேரத்திலாவது உங்கள் பிள்ளைகளை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.

கம்பத்தைப் பற்றிக் கொழுந்தனாருக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் படத்தில் வருகிற மாதிரி வேலி வேலியாக நிற்காது. தலைக்கு மேலே பந்தல், பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாகத் தொங்கும், உயரமானவர்கள் குனிந்துதான் போக வேண்டும். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. தோட்டக்காரரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள், மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அவருக்குத்தான் தெரியும்.

வேட்டங்குடி உங்கள் பக்கத்து ஊர் மாதிரி. அந்தச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள், கண்மாயில் கூடு கட்டுகிற நாரையும் கொக்கும் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. எங்கிருந்தோ வருகிற கொக்குக்கு அவர்கள் இடம் விட்டிருக்கிறார்கள். நீ அங்கே போய் இறங்கும்போது உன் வேன் கதவோரம் யார் உட்கார்ந்திருந்தார் என்று ஒரு தடவை நினைத்துக்கொள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவரிடம் போய் உட்கார்ந்து கேள். வர விருப்பமா, எங்கே போக ஆசை என்று. "எனக்கென்னத்தா, நீங்க போற எடம்தான்" என்பார். அதை நம்பி எழுந்து வந்துவிடாதே. இன்னொரு தடவை கேள், மூன்றாம் தடவையும் கேள். ஒரு ஊர் பேர் வரும். அது உங்கள் வழியில் இல்லாத ஊராக இருந்தால் கம்பத்தை வெட்டிவிடு. கொழுந்தனார் திராட்சையைக் காரைக்குடி மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளட்டும். வரவே விருப்பமில்லை, ஐந்து நாள் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்றால் அதுவும் சரி. ஆனால் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போகக்கூடாது.

வழிக்குத் தேன்குழல், மாவுருண்டை செய்யும் பேச்சு இதற்குள் வந்திருக்கும், அதுவும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும். இந்தத் தடவை பட்டாலைத் திண்ணையில் ஒரு பாய் போட்டு அவரை உட்கார வை. மாவுப் பக்குவத்தை அவர் சொல்லட்டும், உரலைப் பிடித்து நீ பிழி. உடைந்த தேன்குழலையும் பிள்ளைகள் தின்னும்.